குடத்தைக் கீழே வையுங்கள்!

இந்த முறை வந்த கேள்விகளில் பெரும்பகுதி கள்ளிமுளையானைப் பற்றியது. ஜவ்வாது மலையின் பாறைச் சரிவில், முள்புதர் அடியில், யாரும் நடாமல் வளரும் செடி அது. அதற்கு இத்தனை பேர் வீட்டில் இடம் தேடுகிறீர்கள் என்பது எனக்குப் பெரிய மகிழ்ச்சி. ஆகவே இந்த இதழின் பக்கம் முழுக்க அதற்கும் அதன் அக்கம்பக்கத்தாருக்கும்தான்.

கேள்வி: ஜமுனாமரத்தூரில் இருக்கும் என் நாத்தனார், அவர் வீட்டுக் கொல்லையிலிருந்து ஒரு கைப்பிடி கள்ளிமுளையான் உடைத்துத் தந்தார். துவையலுக்குப் போக நாலு தண்டு மிச்சம். வேரே இல்லை. நட்டால் வருமா?
— வாசகி, போளூர்

பதில்: வரும். இந்தச் செடி வேரைக் கேட்காது. காயம் ஆற நேரம் கேட்கும். விறைப்பான தண்டாகப் பார்த்து எடுங்கள். உடைந்த இடம் பிசிறாக இருந்தால் சுத்தமான கத்தியால் நேராக நறுக்குங்கள். நிழலில், காற்றோட்டமான இடத்தில், ஒரு காகிதத்தின் மேல் நாலைந்து நாள் போட்டு வையுங்கள். வெட்டுவாய் உலர்ந்து தோல் கட்டிவிடும். பிறகு காய்ந்த மண்ணில் ஒரு அங்குல ஆழத்துக்குச் செருகி, சாயாமல் இருக்க இரண்டு கூழாங்கல்லை அண்டக் கொடுங்கள். முதல் ஒரு வாரம் ஒரு சொட்டுத் தண்ணீர்கூட வேண்டாம். அதன்பின் மண் நனைகிற அளவுக்கு மட்டும் தெளியுங்கள். ஒரு மாதத்தில் தண்டை மெல்ல அசைத்தால் பிடிமானம் தெரியும். மாசி, பங்குனியில் நட்டால் சுலபமாகப் பிடிக்கும். ஐப்பசி, கார்த்திகையில் நடாதீர்கள். ஆறாத காயத்தில் மழை பட்டால் அழுகிவிடும். நாத்தனாருக்கு என் நன்றியையும் சொல்லுங்கள். செடி பரவ வேண்டிய வழி அவர் காட்டியதுதான்: கொல்லையிலிருந்து கொல்லைக்கு.

கேள்வி: காலையும் மாலையும் தவறாமல் தண்ணீர் ஊற்றுகிறேன். மாதம் ஒருமுறை மாட்டுச் சாணமும் கரைத்து விடுகிறேன். அடித்தண்டு கறுத்துக் குழைந்து சாய்கிறது. வேறு என்ன உரம் போடலாம்?
— ஓய்வு பெற்ற தபால்காரர், வேலூர்

பதில்: ஐயா, உரம் எதுவும் வேண்டாம். குடத்தைக் கீழே வையுங்கள்!

வேலூர் வெயிலைப் பார்த்துச் செடிக்குத் தாகம் எடுக்கும் என்று நினைக்கிறீர்கள். அந்த அன்பு புரிகிறது. ஆனால் இந்தத் தண்டே ஒரு தண்ணீர்த் தொட்டி. வேருக்குக் கீழே மண் எப்போதும் ஈரமாக இருந்தால் வேர் மூச்சு முட்டிச் சாகும். செத்த வேரில் பூஞ்சை ஏறும், அங்கிருந்து தண்டுக்குப் போகும். கறுப்பு கண்ணுக்குத் தெரியும்போது உள்ளே பாதி வேலை முடிந்திருக்கும்.

இப்போதும் காப்பாற்றலாம். செடியைப் பிடுங்கி, கறுத்த பகுதிக்கு மேலே இரண்டு விரல் தள்ளி வெட்டுங்கள். வெட்டிய முகத்தைப் பாருங்கள். நடுவில் பழுப்பு வட்டமோ புள்ளியோ தெரிந்தால் இன்னும் மேலே வெட்டுங்கள்; சுத்தமான பச்சை வரும்வரை விடாதீர்கள். ஒவ்வொரு வெட்டுக்கும் முன்னால் கத்தியைத் துடையுங்கள். வெட்டுவாயில் மஞ்சள்தூளோ அடுப்புச் சாம்பலோ தொட்டு, ஒரு வாரம் நிழலில் உலர்த்தி, புது மண்ணில் நடுங்கள். பழைய மண்ணை அந்தத் தொட்டியில் வைத்திருக்காதீர்கள்.

இனி எப்போது ஊற்றுவது? கோடையில், தொட்டி மண்ணில் ஒரு ஈர்க்குச்சியை அடிவரை குத்தி எடுங்கள். குச்சியில் மண் ஒட்டாமல் வந்தால், தொட்டியின் அடித்துளை வழியாக வடியும்வரை நன்றாக ஊற்றுங்கள். ஒட்டி வந்தால் நாளைக்கு வாருங்கள். பெரும்பாலும் வாரம் ஒருமுறைக்கு மேல் தேவைப்படாது. தண்டில் லேசாகச் சுருக்கம் விழுந்தாலும் பதற வேண்டாம். ஊற்றிய சில நாளில் உப்பிக்கொள்ளும். சுருங்கிய செடியை மீட்கலாம். குழைந்த செடியை மீட்பது கடினம்.

கேள்வி: இலையே இல்லாமல் இந்தச் செடி எப்படிச் சாப்பாடு தயாரிக்கிறது? எங்கள் அறிவியல் டீச்சர் உங்களைக் கேட்கச் சொன்னார்.
— ஒன்பதாம் வகுப்பு மாணவன், காவலூர்

பதில்: கூர்ந்து பார் தம்பி, இளம் தண்டின் விளிம்பில் எள்ளை விடச் சிறியதாக இலை முளைக்கும், சீக்கிரமே உதிர்ந்துவிடும். பச்சைத் தண்டுதான் அதற்கு இலை.

அதைவிட அழகான சங்கதி ஒன்று உண்டு. எல்லாச் செடிக்கும் தோலில் நுண்ணிய துளைகள் இருக்கும். அவை திறந்தால் கரியமில வாயு உள்ளே வரும். கூடவே உள்ளிருக்கும் ஈரம் ஆவியாக வெளியே போகும். மாமரமும் நெல்லும் பகலில் திறக்கின்றன. வறண்ட பாறையில் வாழும் செடி பகலில் திறந்தால் மாலைக்குள் வற்றிப்போகும். அதனால் கள்ளிமுளையான் குளிர்ந்த இரவில்தான் துளைகளைத் திறக்கிறது. உள்ளே வரும் கரியமில வாயுவை மாலிக் அமிலமாக்கி இரவு முழுக்கச் சேமித்து வைக்கிறது. விடிந்ததும் துளைகளை மூடிக்கொண்டு, சேமித்ததை எடுத்துச் சூரிய ஒளியில் சமைக்கிறது. உங்கள் காவலூரில் இரவில் கண் திறப்பது வைணு பாப்பு வானாய்வகத்தின் 2.3 மீட்டர் தொலைநோக்கி மட்டுமல்ல. பாறை இடுக்கில் இருக்கும் இந்தச் செடியும்தான். டீச்சரிடம் அப்படியே சொல்.

கேள்வி: காலையில் கிள்ளினால் புளிக்கிறது, சாயங்காலம் கிள்ளினால் அவ்வளவு புளிப்பு இல்லை என்கிறாள் என் பாட்டி. நிஜமா, நாக்கு மாறாட்டமா?
— கல்லூரி மாணவி, ஆலங்காயம்

பதில்: பாட்டியின் நாக்கு சொல்வது சரி. மேலே சொன்ன மாலிக் அமிலம் விடியற்காலையில் தண்டில் நிறைந்திருக்கும். வெயில் ஏற ஏறச் செலவாகி மாலையில் குறைந்துவிடும்.

இதே உண்மையை உலகத்துக்கு எழுதிக் காட்டியவரும் தென்னிந்தியாவில் நாவால்தான் கண்டார். பெஞ்சமின் ஹெய்ன் என்ற தாவரவியலாளர். மதப்பணியாளராகத் தரங்கம்பாடிக்கு வந்து, பிறகு கிழக்கிந்தியக் கம்பெனியின் வேலையில் சேர்ந்தவர். ரணகள்ளி இலையை வெவ்வேறு வேளைகளில் மென்று பார்த்து, காலையில் புளிப்பு, நடுப்பகலில் சுவையற்ற நிலை, மாலையில் கசப்பு என்று லண்டன் லின்னேயன் சங்கத்துக்குக் கடிதம் எழுதினார். அது 1815இல் அச்சாயிற்று. வறட்சி தாங்கும் செடிகளின் இரவு வாழ்க்கையைப் பற்றிய ஆராய்ச்சி வரலாற்றை எழுதுகிறவர்கள் இன்றும் அந்தக் கடிதத்தைத் தொடக்கத்தில் வைக்கிறார்கள். பாட்டியிடம் இன்னும் நிறையக் கேளுங்கள். கேட்டதைத் தேதியோடு எழுதி வையுங்கள்.

கேள்வி: மண் கலவை சொல்லுங்கள். சுருக்கமாக.
— வாசகர், செங்கம்

பதில்: செம்மண் ஒரு பங்கு, பருமணல் ஒரு பங்கு, உடைத்த செங்கல் துண்டும் சரளையுமாக ஒரு பங்கு. மக்கிய தொழுவுரம் ஒரு கைப்பிடி போதும். களிமண் ஆகாது. தேங்காய் நார்க்கழிவு வேண்டவே வேண்டாம். ஈரத்தை விடாமல் பிடித்து வைக்கும். சுட்ட மண்தொட்டி, அகலமாக, ஆழம் குறைவாக. அடியில் துளை கட்டாயம்.

கேள்வி: பச்சையாக இருந்த தண்டு சித்திரை வெயிலில் செம்பழுப்பாக மாறிவிட்டது. நோயா?
— வாசகி, வாணியம்பாடி

பதில்: தொட்டுப் பாருங்கள். கெட்டியாக இருந்தால் நோய் இல்லை; கடும் வெயிலுக்குச் செடி போட்டுக்கொள்ளும் நிறம் அது. காலை வெயில் படும்படியும் உச்சி வெயிலுக்கு நிழல் கிடைக்கும்படியும் நகர்த்தினால் பச்சை திரும்பும். மலையிலும் இது வெட்டவெளியில் அதிகம் நிற்காது. காரை, சூரை போன்ற முள்புதர்களின் காலடியில் நிற்கும். புதர் நிழல் தருகிறது, முள் ஆட்டின் வாயைத் தடுக்கிறது. உங்கள் வீட்டில் ஒரு செம்பருத்தியோ கிளுவை வேலியோ இருந்தால் அதன் கிழக்குப் பக்கம் இதற்கு நல்ல இடம்.

கேள்வி: ஐயா, ஒரு வாரமாக மாடியில் செத்த எலி நாற்றம். எல்லாத் தொட்டியையும் நகர்த்திப் பார்த்துவிட்டேன். எலியைக் காணோம். கள்ளிமுளையான் மட்டும் கறுப்பாகப் பூத்திருக்கிறது. தொடர்பு உண்டா?
— வாசகர், திருப்பத்தூர்

பதில்: எலியைத் தேடாதீர்கள். பூவின் பக்கம் குனியுங்கள்!

உங்களிடம் இருப்பது தடித்த நான்கு பட்டைத் தண்டும், நுனியில் உருண்டைக் கொத்தாகக் கருஞ்சிவப்புப் பூவும் உள்ள இனம். தாவரவியலார் அதை காரலுமா அம்பெல்லேட்டா என்றும் பூசெரோசியா அம்பெல்லேட்டா என்றும் குறிப்பிடுகிறார்கள். துவையலுக்குப் பேர்போனது மெல்லிய தண்டுள்ள காரலுமா அட்சென்டென்ஸ். அதில் நுனி குறுகிக்கொண்டே போகும், பூக்கள் தண்டு நெடுகத் தனித்தனியாகத் தொங்கும், வாடையும் இவ்வளவு வராது.

இந்த நாற்றத்துக்கு வேலை இருக்கிறது. பூவுக்கு வேண்டிய விருந்தாளி ஈ. அழுகிய இறைச்சி என்று நம்பி ஈ வருகிறது. பூவின் நடுவில் காலையோ வாயையோ நுழைக்கும்போது மகரந்தப் பொட்டலம் அதில் மாட்டிக்கொள்கிறது. அடுத்த பூவுக்குப் போய் அதைச் சேர்க்கிறது. எருக்கம்பூவிலும் மகரந்தம் இப்படிப் பொட்டலமாகத்தான் இருக்கும். இரண்டும் ஒரே குடும்பம். பூ உதிரும்வரை தொட்டியை மாடியின் கடைசி மூலைக்கு நகர்த்துங்கள். வெட்டிப் போடாதீர்கள். சின்னச் சின்ன ஐந்து இதழும் மஞ்சள் கோடுகளுமாக அந்தக் கொத்தை உருப்பெருக்கிக் கண்ணாடியில் பாருங்கள். அவ்வளவு நுணுக்கமான வேலைப்பாட்டை ஈக்களுக்கு மட்டும் விட்டுவிட வேண்டாம்.

கேள்வி: கள்ளிப் பால் கண்ணில் பட்டால் பார்வை போகும் என்பார்களே. குழந்தை இருக்கும் வீட்டில் இதை வைக்கலாமா?
— இளம் தாய், ஆம்பூர்

பதில்: கேட்டது நல்லது. சதுரக்கள்ளி, இலைக்கள்ளி, திருகுகள்ளி ஆகியவற்றை ஒடித்தால் வெள்ளைப் பால் வரும். அது தோலைப் புண்ணாக்கும். கண்ணில் பட்டால் கடுமையான காயம் உண்டாகும். பட்டுவிட்டால் உடனே ஓடும் தண்ணீரில் நெடுநேரம் கண்ணைக் கழுவி, தாமதமில்லாமல் கண் மருத்துவரிடம் போக வேண்டும். கள்ளிமுளையானை ஒடித்தால் வருவது தண்ணீர் போன்ற தெளிந்த சாறு. பால் இல்லை, முள்ளும் இல்லை. ஆகவே தாராளமாக வைக்கலாம்.

யாராவது ஒரு தண்டைக் கொடுத்து "இதுதான் கள்ளிமுளையான்" என்றால், நுனியைக் கொஞ்சம் கிள்ளிப் பாருங்கள். பால் கசிந்தால் அது வேறு செடி. வாயில் வைக்காதீர்கள்.

கேள்வி: ரசிக்க மட்டுமா, ருசிக்கவும் செய்யலாமா?
— வாசகர், கணியம்பாடி

பதில்: ருசித்தவர்கள்தான் முதலில், ரசித்தவர்கள் பிறகு வந்தார்கள். கிழக்குத் தொடர்ச்சி மலைகளில் ஆடுமாடு மேய்க்கப் போகிறவர்கள் இதைப் பச்சையாக மென்று பசியையும் தாகத்தையும் தள்ளிப்போடுவார்கள். வில்லியம் ராக்ஸ்பர்க் சோழமண்டலக் கரைச் செடிகளைப் பற்றி எழுதி, 1795இல் லண்டனில் முதல் தொகுதியாக வந்த பெரிய படநூலில் இந்தச் செடி இருக்கிறது. மக்கள் இதைப் பச்சையாகத் தின்பதையும் அவர் குறித்திருக்கிறார்.

துவையலுக்கு: இளம் தண்டை நறுக்கிக் கழுவி, நல்லெண்ணெயில் சுருள வதக்குங்கள். உளுந்து, காய்ந்த மிளகாய், பூண்டு தனியாக வறுபடட்டும். புளி, உப்பு, கொஞ்சம் தேங்காய் சேர்த்து அம்மியிலோ மிக்ஸியிலோ கொரகொரப்பாக அரையுங்கள். லேசான கசப்பு இருக்கும். அது குற்றம் இல்லை. ஜவ்வாது மலைச் சாமைச் சோற்றில் பிசைந்து சாப்பிட்டால் இரண்டும் ஒரே மண்ணில் விளைந்தவை என்று நாக்குக்குத் தெரியும். செடியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஒரு சமயத்தில் பறிக்காதீர்கள். சர்க்கரைக்கு மாத்திரை எடுப்பவர்களும் கர்ப்பிணிகளும் மருத்துவரைக் கேட்டுவிட்டுச் சாப்பிடுங்கள்.

கேள்வி: உடம்பு இளைக்க இதன் மாத்திரை விற்கிறார்களாம். செடியே வீட்டில் இருக்கும்போது தினமும் நாலு தண்டு தின்றால் இளைத்துவிடலாம்தானே?
— வாசகர், அம்பத்தூர்

பதில்: தண்டு தின்பதால் மட்டும் இளைக்க முடியாது. பெங்களூரு செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த ஆய்வாளர்கள் இந்தச் செடிச் சாற்றைத் தினம் 1 கிராம் வீதம் 60 நாள் கொடுத்துச் சோதித்தார்கள்; முடிவு 2007இல் வெளியானது. வெற்று மாத்திரை எடுத்தவர்களை விடச் சாறு எடுத்தவர்களுக்குப் பசியும் இடுப்புச் சுற்றளவும் குறைந்தன. உடல் எடையில் இரு கூட்டத்தாருக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. ஐம்பது பேரிடம் நடந்த ஆய்வு அது. அடக்கமான அந்த முடிவைத்தான் விளம்பரங்கள் ஊதிப் பெருக்குகின்றன.

எனக்கு இதில் எடையை விடப் பெரிய கவலை வேறு. ஆப்பிரிக்காவின் கலகாரி வறள்நிலத்தில் ஹூடியா என்று இதன் தூரத்து உறவுச் செடி ஒன்று உண்டு. சான் பழங்குடியினர் வேட்டைக்குப் போகும்போது பசி தெரியாமல் இருக்க அதை மெல்வார்கள். 1990களில் தென்னாப்பிரிக்க அரசின் ஆய்வு மன்றம் அதன் பசியடக்கும் சத்துக்குக் காப்புரிமை வாங்கியது. சான் மக்களை ஒரு வார்த்தை கேட்கவில்லை. எதிர்ப்பு எழுந்த பிறகு, 2003இல்தான் வருமானத்தில் அவர்களுக்குப் பங்கு என்று ஒப்பந்தம் ஆனது. யூனிலீவர் நிறுவனம் 2008இல் தன் திட்டத்தையே கைவிட்டது. இடைப்பட்ட காலத்தில் காட்டிலிருந்த செடிகளுக்கு நேர்ந்த சேதம் பெரிது.

நம் பக்கத்தில் நல்ல முன்மாதிரியும் இருக்கிறது. அகத்தியமலைக் காணி மக்கள் அடையாளம் காட்டிய ஆரோக்கியப்பச்சை என்ற செடியிலிருந்து பாலோடு ஊரிலுள்ள தாவரவியல் பூங்கா ஜீவனி என்ற மருந்தை உருவாக்கியது. உரிமத் தொகையில் பாதியைக் காணி மக்களுக்கென்று ஒதுக்கியது. 2002ஆம் ஆண்டின் உயிர்ப்பன்மைச் சட்டமும் இப்படிப்பட்ட பங்கீட்டை வலியுறுத்துகிறது. கள்ளிமுளையானை மென்று அதன் குணத்தை நமக்குச் சொன்னவர்கள் மலைவாசிகள். மாத்திரைப் புட்டியில் அவர்கள் பங்கு எங்கே என்று வாங்குகிறவர் கேட்க வேண்டும்.

கேள்வி: அடுத்த வாரம் பீமன் அருவிக்குக் குடும்பத்தோடு போகிறோம். வழியில் பாறையில் பார்த்தால் ஒரு குத்து பிடுங்கி வரலாமா? ஒரே ஒரு குத்துதான்.
— வாசகர், ஆரணி

பதில்: வேண்டாம். காப்புக்காட்டிலிருந்து செடி எடுப்பது வனச் சட்டப்படி குற்றம். சட்டத்தை ஒதுக்கிவைத்துப் பார்த்தாலும் வேண்டாம். பாறையில் கையளவு மண் சேரப் பல ஆண்டு ஆகிறது. குத்தோடு பிடுங்கினால் அந்த மண்ணும் போய்விடும், அடுத்த விதைக்கு இடம் இல்லாமல் போகும். அருவிக்கு வருகிற ஒவ்வொரு குடும்பமும் ஒரு குத்து எடுத்தால் அந்தச் சரிவு எத்தனை நாள் தாங்கும்? படம் எடுங்கள். செடி வேண்டுமென்றால் ஜமுனாமரத்தூர் பக்கம் வீட்டில் வளர்ப்பவர்களைக் கேட்டு, உரிய விலை கொடுத்து, இரண்டு தண்டு உடைத்து வாங்குங்கள். இரண்டு தண்டு இரண்டு ஆண்டில் ஒரு தொட்டியை நிறைக்கும்.

கேள்வி: சப்பாத்திக்கள்ளியும் நம் ஊர்ச் செடிதானே? எங்கள் வேலியில் தாத்தா காலத்திலிருந்து இருக்கிறது.
— வாசகர், யாழ்ப்பாணம்

பதில்: இல்லை ஐயா, அது அமெரிக்கக் கண்டத்துச் செடி. சப்பாத்திக்கள்ளியின் குடும்பம் முழுக்க அந்தக் கண்டத்துக்கே உரியது. ஒரே விலக்கு ரிப்சாலிஸ் பாக்சிஃபெரா. அது ஆப்பிரிக்காவிலும் உங்கள் இலங்கையிலும் மரக்கிளைகளில் இயல்பாகத் தொங்கி வளர்கிறது. அந்தப் பெருமை உங்களுக்கு!

சப்பாத்திக்கள்ளி இங்கே பெருகியதில் ஒரு சாயக் கதை இருக்கிறது. அதில் வாழும் ஒரு வகைச் செதில் பூச்சியிலிருந்து சிவப்புச் சாயம் எடுக்கலாம். அந்த ஆசையில் டாக்டர் ஜேம்ஸ் ஆண்டர்சன் சென்னை சைதாப்பேட்டையில் கள்ளித் தோட்டமே போட்டார். 1795இல் பிரேசிலிலிருந்து கல்கத்தாவுக்குப் பூச்சி வந்தது. வந்தது தரமான சாயப் பூச்சி அல்ல, கள்ளியைத் தின்று தீர்க்கும் இன்னொரு இனம். சாயம் தேறவில்லை, காட்டுக்குள் பரவியிருந்த கள்ளி அழிந்தது. அதைக் கண்டுதான் 1860களில் இந்தியாவிலிருந்து இலங்கைக்கு அந்தப் பூச்சியைக் கள்ளியை ஒழிக்கவென்றே கொண்டுபோனார்கள். இன்னொரு கள்ளி இனத்தை அடக்க, 1926இல் இலங்கையிலிருந்து இந்தியாவுக்கு வேறொரு பூச்சி வந்தது. பூச்சியைக் கொண்டு களையை அடக்கும் கலையில் நம் இரு கரைகளும் உலகுக்கே முன்னோடி. சப்பாத்தி வேலி இருக்கட்டும்; காட்டுப் பக்கம் வீசாதீர்கள்.

கேள்வி: எங்கள் உண்டு உறைவிடப் பள்ளியில் பாறையும் சரளையுமாக ஒரு மூலை சும்மா கிடக்கிறது. கோடையில் தண்ணீர் கிடைக்காது. அங்கே நம் மலைச் செடிகளை வைத்து ஒரு தோட்டம் போடப் பிள்ளைகள் ஆசைப்படுகிறார்கள். வழி சொல்லுங்கள்.
— ஆசிரியை, ஜவ்வாது மலை

பதில்: இந்த இதழில் எனக்கு மிகப் பிடித்த கேள்வி. அந்த மூலை குறை இல்லை. அதுதான் உங்கள் முதல்.

முதலில் மேடு. கருங்கல் துண்டுகளை முழங்கால் உயரத்துக்குக் குவியுங்கள். இடைவெளியில் சரளை கலந்த செம்மண்ணைக் கொட்டி, ஒரு பக்கமாகச் சரிவு கொடுங்கள். இரண்டு பருவமழையும் பெய்கிற மலை உங்களுடையது. வறட்சியை விடத் தேங்கும் மழைநீர்தான் இந்தச் செடிகளுக்குப் பகை. சரிவு இருந்தால் கவலை இல்லை. முதல் மழைக்கு மண் அமுங்கிய பிறகு நடுங்கள்.

மேட்டின் உச்சியிலும் மேற்குப் பக்கத்திலும் மருள். எந்த வெயிலையும் தாங்கும். அதன் நாரில் அந்தக் காலத்தில் வில்லுக்கு நாண் திரித்தார்கள் என்று சொன்னால் பையன்கள் அதைவிட்டு நகர மாட்டார்கள். நடுவில் ஒரு காரைப் புதர் வையுங்கள். அதன் கிழக்கு நிழலில், கல்லும் கல்லும் சேரும் இடுக்கில், கள்ளிமுளையான். அடிவாரத்தில் தரையோடு படரத் தரைப்பசலையும் பருப்புக்கீரையும். வேலி ஓரம் பிரண்டை. அது திராட்சைக் குடும்பத்துக் கொடி என்பதைக் கொடிச்சுருளைக் காட்டிச் சொல்லுங்கள், நம்புவார்கள். பிரண்டையை நறுக்கும்போது மட்டும் கையில் எண்ணெய் தடவச் சொல்லுங்கள், அதிலுள்ள ஆக்சலேட் ஊசிகள் அரிக்கும். சதுரக்கள்ளி பிள்ளைகள் விளையாடும் இடத்தில் வேண்டாம்.

ஒவ்வொரு செடிக்கும் பிள்ளைகள் கையாலேயே பெயர்ப்பலகை எழுதட்டும். விடுமுறைக்கு வீட்டுக்குப் போகும்போது, அந்தச் செடியை அவரவர் ஊரில் எப்படி அழைக்கிறார்கள், எதற்குப் பயன்படுத்துகிறார்கள் என்று தாத்தா பாட்டியிடம் கேட்டு வரச் சொல்லுங்கள். உங்கள் மலையின் மலையாளிப் பழங்குடி மக்களுக்குத் தெரிந்த அளவு இந்தச் செடிகளைப் பற்றி எந்த நர்சரிக்காரருக்கும் தெரியாது; எனக்கும் தெரியாது. அந்த நோட்டின் ஒரு நகலை எனக்கு அனுப்புங்கள். பிள்ளைகள் அனுமதித்தால் இந்தப் பக்கத்தில் வெளியிடுவேன்.

கேள்வி: தண்டு இடுக்கில் வெள்ளைப் பஞ்சு.
— வாசகி, குடியாத்தம்

பதில்: மாவுப்பூச்சி. ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் துடைத்தெடுங்கள். மிச்சத்துக்கு, ஒரு லிட்டர் தண்ணீரில் 5 மில்லி வேப்பெண்ணெயும் சில சொட்டு சோப்புக் கரைசலும் கலந்து மாலையில் தெளியுங்கள். ஒரு வாரம் விட்டு மறுபடி. காரணமில்லாமல் செடி வாடினால் வேரையும் பாருங்கள். அங்கேயும் ஒளிந்திருக்கும்.

கேள்வி: கறுப்பும் மஞ்சளும் வெள்ளையுமாக வரி போட்ட புழு ஒன்று என் செடியை நுனியிலிருந்து தின்கிறது. மருந்து அடிக்கவா?
— வாசகர், செய்யாறு

பதில்: அடிக்காதீர்கள், கெஞ்சிக் கேட்கிறேன். அது வெந்தய வரியன் வண்ணத்துப்பூச்சியின் குழந்தை. எருக்கஞ்செடிதான் அதற்கு வழக்கமான வீடு. எருக்கின் உறவுக்காரச் செடி என்பதால் இதையும் நாடும். பக்கத்தில் எருக்கு இருந்தால் புழுவை மெல்ல அதில் ஏற்றிவிடுங்கள். இல்லையென்றால் தின்னட்டும். கடித்த இடத்துக்குக் கீழே இரண்டு மூன்று கிளை வெடிக்கும். செடி இன்னும் அடர்த்தியாகும்.

கேள்வி: சென்னையில் அடுக்குமாடி வீடு. மேற்கு பார்த்த பால்கனி. மார்கழி வரை மழைச் சாரல் அடிக்கும். வளருமா?
— வாசகி, வேளச்சேரி

பதில்: வளரும். ஐப்பசி முதல் மார்கழி வரை தொட்டியை உள்பக்கம், சாரல் படாத ஜன்னல் ஓரம் வையுங்கள். அந்த மூன்று மாதமும் தண்ணீரை அடியோடு நிறுத்தலாம், காற்றின் ஈரமே போதும். கோடையில் மேற்கு வெயிலுக்கு ஒரு மெல்லிய திரை. ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் உப்பாக இருந்தால் தொட்டி விளிம்பில் வெள்ளையாகப் படியும். மழை நீரைப் பிடித்து வைத்து மாதம் ஒருமுறை அதை ஊற்றினால் உப்பு கரைந்து வடியும்.

கேள்வி: என் செடியில் ஆட்டுக் கொம்பு மாதிரி இரட்டைக் காய் பிடித்திருக்கிறது. விதை எடுக்கலாமா?
— மாணவி, திருவண்ணாமலை

பதில்: எடுத்தே ஆக வேண்டும், காய் பிடிப்பது எல்லாருக்கும் வாய்க்காது! காய் பச்சை மாறிப் பழுத்த நிறம் காட்டத் தொடங்கியதும் ஒரு மெல்லிய துணிப்பையைக் கட்டிவிடு. இல்லாவிட்டால் ஒரு நாள் காலையில் வெடித்து, எருக்கம் விதை போலப் பட்டுக் குஞ்சத்தோடு பறந்துபோகும். குஞ்சத்தைக் கிள்ளிவிட்டு, சலித்த மணலும் செம்மண்ணும் கலந்த தட்டில் மேலாகத் தூவி, விதை மறையும் அளவுக்கு மட்டும் மணல் போடு. தெளிப்பானால் தினம் லேசான ஈரம், நல்ல வெளிச்சம், நேர் வெயில் வேண்டாம். ஒன்றிரண்டு வாரத்தில் குண்டூசித் தலை அளவு முளை தெரியும். அதற்குப் பிறகு தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறை. விதையைப் பொட்டலம் கட்டி அடுத்த வருடத்துக்கு என்று வைக்காதே, முளைப்புத்திறன் போய்விடும்; எடுத்த வாரமே விதைத்துவிடு. நிறைய முளைத்தால் வேளச்சேரி அம்மாவுக்கும் ஆரணிக்காரருக்கும் இரண்டிரண்டு அனுப்ப முடியுமா? முகவரியை வாங்கித் தருவது என் பொறுப்பு.